புள்ளியை நகர்த்தும் பொறுப்பு

1946 ஜூனில் பிரின்ஸ்டனில் இருந்து ஓர் அறிக்கை வெளியானது. ஆர்தர் பர்க்ஸ், ஹெர்மன் கோல்ட்ஸ்டைன், ஜான் வான் நாய்மன் மூவரும் சேர்ந்து எழுதியது. மின்னணுக் கணினி ஒன்றை எப்படிக் கட்ட வேண்டும் என்று விளக்கிய அந்த ஆவணம் பின்னாளில் வந்த பல கணினிகளுக்கு வரைபடமாக இருந்தது. புள்ளியின் இடத்தை இயந்திரமே கவனித்துக்கொள்ளும் மிதவைப் புள்ளி முறை வேண்டாம் என்று அதில் காரணத்தோடு ஒதுக்கிவைத்தார்கள். ஒவ்வோர் எண்ணோடும் அதன் அடுக்கையும் சேர்த்து வைத்தால் நினைவகத்தில் இடம் போகும், மின்சுற்றுகளும் சிக்கலாகும். எண்களைத் தக்க அளவுக்குச் சுருக்கவும் பெருக்கவும் மனிதருக்கு ஆகும் நேரமோ மொத்த வேலையில் சிறு பங்குதான். ஆகவே புள்ளியை நகர்த்தும் வேலையைக் கணக்கு எழுதுகிறவரே பார்த்துக்கொள்ளட்டும் என்பது அவர்கள் முடிவு.

அந்தப் பொறுப்பு எவ்வளவு கனமானது என்பதை ஒரு கூட்டலிலேயே பார்க்கலாம். பிரின்ஸ்டன் இயந்திரத்தில் எல்லா எண்களும் மைனஸ் 1-க்கும் பிளஸ் 1-க்கும் இடையில் அடங்க வேண்டும். 0.7-ஐயும் 0.6-ஐயும் கூட்டினால் 1.3, அது பதிவகத்தில் கொள்ளாது. எனவே இரண்டையும் முன்கூட்டியே பாதியாக்கிக் கூட்ட வேண்டும். வருகிற விடை உண்மையில் இரு மடங்கு பெரியது என்பதைத் தாளில் குறித்துவைக்க வேண்டும். அடுத்து ஒரு பெருக்கல் வந்தால் அந்தக் குறிப்பும் மாறும். நூற்றுக்கணக்கான படிகள் கொண்ட கணக்கில் ஒவ்வொரு படியிலும் விடை எவ்வளவு பெரிதாகலாம் என்று ஊகித்து, 2-இன் எந்த அடுக்கால் சுருக்குவது என்று தீர்மானிக்க வேண்டும். வான் நாய்மனுக்கு இது சிறு வேலையாகத் தோன்றியிருக்கலாம். மற்றவர்களுக்கு அப்படி இருக்கவில்லை. இங்கிலாந்தின் டெடிங்டனில், தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வில்கின்சனும் அவர் குழுவினரும் மிதவைப் புள்ளிக் கணக்குகளுக்கான துணைநிரல்களைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள். வன்பொருள் செய்யாததை மென்பொருளால் செய்துகொண்ட முயற்சி அது.

மிதவைப் புள்ளி அப்போது புதிய யோசனையும் அல்ல. ஸ்பெயின் நாட்டுப் பொறியாளர் லியோனார்டோ டோரஸ் கெவேடோ 1914-இலேயே அதை எழுத்தில் முன்வைத்திருந்தார். பெர்லினில் கோன்ராட் சூசே 1941 மே மாதம் இயக்கிக் காட்டிய இசட்3 இயந்திரம் 22 பிட்டுகளில் ஓர் எண்ணைப் பிடித்தது. குறிக்கு 1, அடுக்குக்கு 7, எண்ணின் இலக்கங்களைத் தாங்கும் மான்டிஸாவுக்கு 14. 1943 குண்டுவீச்சில் அந்த இயந்திரம் அழிந்துபோனது. பெரிய அளவில் இந்த வசதி வாடிக்கையாளர் கைக்கு வந்தது 1954-இல் ஐபிஎம் அறிவித்த 704 வழியாகத்தான். அதில் 36 பிட் கொண்ட ஒரு சொல்லில் 8 பிட் அடுக்கும் 27 பிட் மான்டிஸாவும் இருந்தன. 2-இன் எந்த அடுக்கால் சுருக்குவது என்று தாளில் குறித்துவைத்திருந்த மனிதரின் கணக்கு, அந்த 8 பிட்டுகளுக்குள் குடியேறியது.

இந்த ஏற்பாட்டில் ஓர் அழகு உண்டு. எண்ணை அதன் அடிமானத்தால், அதாவது அடுக்கு எந்த எண்ணின் மேல் ஏறுகிறதோ அந்த எண்ணால், பெருக்கினால் இலக்கங்கள் எதுவும் மாறுவதில்லை, அடுக்கு மட்டும் ஒன்று கூடுகிறது. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கிலும் கடைசி இலக்கம் கொஞ்சம் பிசகக்கூடும். ரவுண்டிங் வந்தே தீரும். அடிமானத்தின் அடுக்கால் பெருக்குவதில் மட்டும் அது கிடையாது. எண்ணிலக்கக் கணக்கில் துளிகூடப் பிழை சேராத செயல்கள் மிகச் சில. அவற்றில் இது ஒன்று என்பதால்தான் நூலகம் எழுதுகிறவர்கள் இதை இத்தனை மதிக்கிறார்கள்.

ஆனால் அடிமானம் எது?

1964 ஏப்ரல் 7 அன்று ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 இந்தக் கேள்விக்கு 16 என்று பதில் சொன்னது. அடுக்கு 7 பிட். அது 2-இன் அடுக்கு அல்ல, 16-இன் அடுக்கு. மான்டிஸா 24 பிட், அதாவது 16-ஐ அடிமானமாகக் கொண்ட ஆறு இலக்கங்கள். குறைந்த பிட்டுகளிலேயே 10-இன் 75-ஆம் அடுக்கு வரை எட்டலாம். கூட்டும்போது இலக்கங்களை இடம்தள்ள வேண்டிய தருணங்களும் குறையும். அன்றைய மின்சுற்றுகளின் விலையை நினைத்தால் அந்த ஆசை புரிகிறது.

அதற்கான விலையை வேறு இடத்தில் கொடுக்க வேண்டியிருந்தது. ஆறு இலக்கங்களும் உச்ச மதிப்பான 15-ஆக இருக்கும் ஓர் எண்ணை எடுத்துக்கொள்வோம். அதை 2-ஆல் பெருக்கினால் புள்ளிக்கு இடப்பக்கம் ஒரு 1, அதன் பின் ஐந்து 15-கள், கடைசியில் ஒரு 14 என்று ஏழு இலக்கங்கள் வரும். இருப்பது ஆறு இடம். எல்லாவற்றையும் ஓர் இலக்கம் வலப்பக்கம் தள்ள, கடைசி 14 விளிம்பிலிருந்து விழுந்து காணாமல்போகும். முதல் இலக்கத்தில் இருக்கும் 1-க்கு நான்கு பிட் இடத்தில் ஒரு பிட்தான் வேலை. மற்ற மூன்றும் சுழி. எண்ணின் மதிப்பைப் பொறுத்து 24 பிட் துல்லியம் 21 வரை இறங்கும். 2-ஆல் பெருக்குவது இந்த இயந்திரத்தில் பிழையற்ற செயல் அல்ல. 16-ஆல் பெருக்குவது மட்டுமே பிழையற்றது.

அதுவும் காகிதத்தில்தான். முதலில் வந்த 360-களில் இரட்டைத் துல்லியப் பெருக்கலின் நடுவே ஓர் இலக்கத்தைக் கூடுதலாகப் பிடித்துவைக்கும் காவல் இலக்கம் இல்லை. 1.0 என்பது அங்கே 16-இல் ஒரு பங்கை 16-ஆல் பெருக்கியதாக எழுதப்பட்டிருக்கும். ஓர் எண்ணை அந்த 1.0-ஆல் பெருக்கினால் விடையின் முன்னால் ஒரு சுழி வந்து உட்கார்ந்து, பின்னால் கடைசியான 14-ஆம் இலக்கத்தை வெளியே தள்ளிவிடும். அப்புறம் சுழியை நீக்க எல்லாவற்றையும் இடப்பக்கம் தள்ளும்போது, இழந்த இலக்கம் திரும்பி வராது. ஓர் எண்ணை ஒன்றால் பெருக்கியதற்கே அந்த எண் மாறிப்போனது! 16-ஆல் பெருக்கினாலும் அதே கதிதான். ஐபிஎம் பயனர்களின் கூட்டமைப்பான ஷேர் இதை விடாமல் எதிர்த்தது. 1960-களின் கடைசியில் ஐபிஎம் ஏற்கெனவே நிறுவப்பட்டிருந்த இயந்திரங்களிலும் காவல் இலக்கத்தைச் சேர்த்துக் கொடுத்தது. வாடிக்கையாளரின் இடத்துக்கே போய் எண்கணிதத்தைத் திருத்திய இந்த நிகழ்வு கணினி வரலாற்றில் இன்னும் அதிகமாகப் பேசப்பட வேண்டியது.

இந்தப் பதினாறின் தடம் மென்பொருளில் அழுத்தமாகப் பதிந்தது. அணிகளின் ஐகன் மதிப்புகளைக் கண்டுபிடிக்கும் முன் அணியைச் சமன்படுத்தும் முறை ஒன்றை பெரெஸ்ஃபோர்ட் பார்லெட்டும் கிறிஸ்டியன் ரைன்ஷும் 1969-இல் வெளியிட்டார்கள். நிரைகளையும் நிரல்களையும் அளவுமாற்ற வேண்டும், ஆனால் அந்த அளவுமாற்றமே பிழையைக் கொண்டுவந்துவிடக் கூடாது. எனவே அடிமானத்தின் அடுக்குகளால் மட்டும் பெருக்கினார்கள். அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் 1970-களில் உருவான ஐஸ்பேக் தொகுப்பில் இந்த முறை ஃபோர்ட்ரானில் வந்தது. அதில் ரேடிக்ஸ் என்ற மாறிக்கு 16.0 என்று மதிப்பு கொடுக்கப்பட்டிருக்கும். 2-ஐ அடிமானமாகக் கொண்ட இன்றைய இயந்திரத்திலும் அந்த வரி தவறு செய்யாது. 16 என்பது 2-இன் நான்காம் அடுக்கு, ஆகவே பிழை வராது, படிகள்தான் கொஞ்சம் பெரிதாகும். இதற்கு எதிர்த்திசையில், 2 என்று எழுதி 360-இல் ஓட்டினால் இலக்கங்கள் போகும். எழுதியவர்கள் பாதுகாப்பான பக்கத்தில் நின்றார்கள்.

சி மொழி பிறந்தது வேறு வகை இயந்திரத்தில். பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி அதை வளர்த்தெடுத்த பிடிபி-11 கணினியின் அடிமானம் 2. அதன் மிதவைப் புள்ளிச் செயலியில் எல்டிஎக்ஸ்ப் என்று ஒரு கட்டளை இருந்தது. எண்ணின் அடுக்குப் பகுதியில் நேரடியாக ஒரு மதிப்பை ஏற்றுவது அதன் வேலை. அதே ஆய்வகத்தின் யூனிக்ஸ் இயக்க முறைமையின் 1979-இல் வந்த ஏழாம் பதிப்பின் கையேட்டில் ஃபிரெக்ஸ்ப், எல்டிஎக்ஸ்ப், மாட்எஃப் என்ற சி சார்புகள் மூன்றும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. ஃபிரெக்ஸ்ப் எண்ணை மான்டிஸா, அடுக்கு என்று பிரிக்கும். எல்டிஎக்ஸ்ப் எண்ணை 2-இன் அடுக்கால் பெருக்கும்.

அந்தப் பிடிபி-11 மணம் இன்றும் போகவில்லை. ஃபிரெக்ஸ்ப்பிடம் 8-ஐக் கொடுத்தால் 0.5, அடுக்கு 4 என்று சொல்லும். பிடிபி-11 மான்டிஸாவை அரைக்கும் ஒன்றுக்கும் இடையில் வைத்ததால் வந்த வழக்கம் இது. எண்ணின் அடுக்கைச் சொல்லும் லாக்பி என்ற சார்பு பின்னாளில் வந்தது. அது அதே 8-க்கு 3 என்று சொல்லும், ஏனென்றால் அதற்கு அடிப்படையான ஐஇஇஇ 754 தரநிலையில் மான்டிஸா ஒன்றில் தொடங்குகிறது. ஒரே எண்ணுக்கு இரண்டு அடுக்குகள். இந்த ஒன்று வித்தியாசத்தில் சறுக்கிய நிரல்கள் ஏராளம்.

யூனிக்ஸ் பிடிபி-11-ஐ விட்டு வெளியேறியதும் அடிமானப் பிரச்சினை சி-யையும் தொட்டது. 1970-களின் பிற்பகுதியில் ஸ்டீஃபன் ஜான்சனும் ரிட்சியும் யூனிக்ஸைக் கொண்டுபோன இன்டர்டேட்டா 8/32 இயந்திரம், ஐபிஎம்மின் பதினாறு அடிமான வழியைப் பின்பற்றியது. அங்கே எல்டிஎக்ஸ்ப்பின் 2 இயந்திரத்தின் அடிமானமாக இல்லை. இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும் இந்த எண்கணிதத்தை ஒரு சில அளவுகளால் விவரிக்க முடியும் என்று பெல் ஆய்வகத்தின் டபிள்யூ. எஸ். பிரவுன் 1981-இல் ஒரு மாதிரியை வெளியிட்டார். அடிமானம், இலக்க எண்ணிக்கை, அடுக்கின் இரு எல்லைகள் ஆகிய இவை தெரிந்தால் போதும், நிரலை எங்கும் எடுத்துப்போகலாம் என்றார். 1989-இல் வந்த சி தரநிலையின் ஃப்ளோட் தலைப்புக் கோப்பு இதே வழியில்தான் எண்களை விவரிக்கிறது. அதில் இயந்திரத்தின் அடிமானத்தைச் சொல்லும் மாறிலிக்கு எஃப்எல்டி_ரேடிக்ஸ் என்று பெயர். ஆனால் அந்த அடிமானத்தால் பெருக்கும் சார்பு மட்டும் அந்தத் தரநிலையில் இல்லை. பழைய எல்டிஎக்ஸ்ப்தான் இருந்தது, அதே 2-உடன்.

இடைப்பட்ட காலத்தில் வேறொரு மேசையில் வேலை நடந்துகொண்டிருந்தது. பெர்க்லி பேராசிரியர் வில்லியம் கஹான் முன்னின்று வடிவமைத்த, மிதவைப் புள்ளிக்கான ஐஇஇஇ 754 தரநிலை 1985-இல் ஏற்கப்பட்டது. அதன் பிற்சேர்க்கையில் பரிந்துரைக்கப்பட்ட சார்புகளின் வரிசையில் ஸ்கால்ப் என்று ஒன்று உண்டு. எண்ணை 2-இன் என்-ஆம் அடுக்கால் பெருக்க வேண்டும், ஆனால் 2-இன் என்-ஆம் அடுக்கைத் தனியே கணக்கிடக் கூடாது என்பது அதன் வரையறை. இந்தப் பின்பகுதி ஏதோ வேகத்துக்காகச் சொன்னது போலத் தெரியும். உண்மையில் அது சரியான விடைக்கே தேவை. சி-யின் இரட்டைத் துல்லிய வகையான டபுளின் மிகச் சிறிய எண் 2⁻¹⁰⁷⁴. அதை 2¹⁰²³-க்கு உயர்த்த வேண்டுமானால் 2²⁰⁹⁷-ஆல் பெருக்க வேண்டும். ஆனால் 2²⁰⁹⁷ என்ற எண்ணே டபுளில் அடங்காது. கணக்கிட்டால் முடிவிலி வரும். தொடக்கமும் முடிவும் முறையான எண்கள்தான், நடுவில் இருக்கும் பெருக்கி மட்டும் இல்லாத எண்.

கஹானின் தரநிலை இன்னொரு சிக்கலையும் கொண்டுவந்தது. நியாயமான சிக்கல் அது. பழைய இயந்திரங்களில் அடுக்கின் அடி எல்லையைத் தாண்டினால் எண் சட்டென்று சுழியாகிவிடும். 754-இல் அப்படி இல்லை. 2⁻¹⁰²²-க்குக் கீழே சப்நார்மல் எண்கள் உண்டு. கீழே போகப் போக ஒவ்வொரு பிட்டாகத் துல்லியத்தை இழந்து சிறுகச் சிறுகச் சுழியை நெருங்கும். பிடிபி-11-ஐத் தயாரித்த டெக் நிறுவனம் இதைக் கடுமையாக எதிர்த்தது. அந்த நிறுவனமே ஆராயச் சொன்ன எண்ணியல் அறிஞர் ஜி. டபிள்யூ. ஸ்டூவர்ட் 1981-இல் இந்தப் படிப்படி இறக்கமே சரி என்று சொல்லிவிட்டார். அதன் பலனாக, வித்தியாசமான இரண்டு எண்களைக் கழித்தால் சுழி வராது என்ற உறுதி நமக்குக் கிடைத்தது. ஆனால் அடிமானத்தின் அடுக்கால் பெருக்குவது எப்போதும் பிழையற்றது என்ற உறுதி இந்த அடித்தளத்தில் மட்டும் உடைந்தது. அங்கே ஸ்கால்ப்பும் ரவுண்டிங் செய்ய வேண்டும்.

அதை எப்படிச் செய்தார்கள் என்பதைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். பெர்க்லியில் 4.3 பிஎஸ்டி யூனிக்ஸுக்காக 1980-களின் நடுவில் ஸ்கால்ப், லாக்பி முதலியவற்றை எழுதியவர் கே. சி. எங். பிறகு சன் மைக்ரோசிஸ்டம்ஸில் அவர் கைவண்ணத்தில் 1993 தேதியிட்ட எஃப்டிலிப்எம் என்ற நூலகம் இலவசமாக வெளியானது. அதில் இந்த வேலைக்கான சார்பு முதலில் எண்ணின் அடுக்கு பிட்டுகளைப் பிரித்தெடுக்கும். எண் சப்நார்மல் என்றால் 2⁵⁴-ஆல் பெருக்கி மேலே தூக்கி, கணக்கில் 54-ஐக் கழித்துக்கொள்ளும். பிறகு அடுக்கோடு என்-ஐக் கூட்டும். விடை வழக்கமான எல்லைக்குள் இருந்தால், புதிய அடுக்கைப் பிட்டுகளில் எழுதிவிட்டு வேலையை முடிக்கும். ஒரு பெருக்கல்கூட இல்லை. மேல் எல்லையைத் தாண்டினால் 10³⁰⁰-ஐ அதே 10³⁰⁰-ஆல் பெருக்கிக் காட்டும். ஓவர்ஃப்ளோ கொடியை வன்பொருளே உயர்த்தட்டும் என்பதற்கான ஏற்பாடு அது. கீழே சப்நார்மல் பகுதிக்குள் இறங்க வேண்டுமானால், 54 படிகள் மேலேயே நின்று, கடைசியாக ஒரே ஒரு முறை 2⁻⁵⁴-ஆல் பெருக்கும். 50,000 என்ற எண்ணோடு ஒப்பிடும் இரண்டு வரிகளும் உண்டு. யாராவது முழு எண் வகையின் உச்ச மதிப்பையே என்-க்குக் கொடுத்தால், அடுக்கோடு கூட்டும்போது முழு எண்ணே சுற்றிப் போய் எதிர்மறையாகிவிடும். முடிவிலி வர வேண்டிய இடத்தில் சுழி வந்துவிடாமல் தடுக்கிற வேலி அந்த வரிகள்.

கடைசிப் பெருக்கல் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. 3.46-ஐ முழு எண்ணாக்கினால் 3. அதையே முதலில் ஒரு தசம இடத்துக்கு ஆக்கினால் 3.5, பிறகு முழு எண்ணாக்கினால் 4. இரண்டு முறை ரவுண்டிங் செய்தால் விடை மாறும். சப்நார்மல் பகுதிக்குள் இரண்டு தவணையாக இறங்கும் நிரலுக்கும் இதே ஆபத்து. லினக்ஸுக்கான மஸ்ல் நூலகம் எண்ணின் பிட்டுகளைத் தொடாமல் பெருக்கல்களாலேயே இந்த வேலையைச் செய்கிறது. மேலே போகும்போது 2¹⁰²³-ஆல் தாராளமாகப் பெருக்குகிறது. கீழே வரும்போது 2⁻¹⁰²²-ஆல் பெருக்கினால் போதுமே என்று தோன்றும், ஆனால் 2⁻⁹⁶⁹-ஆல்தான் பெருக்குகிறது. விட்டுவைத்த அந்த 53 படிகள், டபுளின் 53 பிட் துல்லியத்துக்கு ஈடு. ரவுண்டிங் கடைசிப் பெருக்கலில் மட்டும் நடக்கட்டும் என்ற கவனம்.

இதற்கிடையில் யூனிக்ஸ் உலகமும் பிளந்துவிட்டது. பெர்க்லியின் ஸ்கால்ப் இரண்டாம் மதிப்பை முழு எண்ணாக வாங்கியது. ஏடி அண்ட் டி-யின் சிஸ்டம் ஃபைவ் அதையே டபுளாக வாங்கியது. 2.5 என்று கொடுத்தால் என்ன செய்வது? ஆளுக்கொரு பதில். 1999-இல் சி தரநிலைக் குழு இந்தச் சச்சரவுக்குள் போகாமல் வேறு பெயர்களை எடுத்துக்கொண்டது. இன்ட் வாங்கும் ஸ்கால்ப்என், லாங் வாங்கும் ஸ்கால்ப்எல்என். இரண்டும் எஃப்எல்டி_ரேடிக்ஸின் அடுக்கால் பெருக்கும். பழைய ஸ்கால்ப்பை யூனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான போசிக்ஸ் தரநிலை 2008 பதிப்பில் நீக்கியது.

லாங் எதற்கு என்று கேட்கத் தோன்றும். சி தரநிலையில் இன்ட் வகைக்குக் குறைந்தது 16 பிட் இருந்தால் போதும். அதன் உச்சம் 32,767. இன்டெல்லின் 80 பிட் மிதவைப் புள்ளியில் மிகச் சிறிய சப்நார்மல் 2⁻¹⁶⁴⁴⁵. உச்ச அடுக்கு 16,383. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 32,828 படிகள். 61 படி குறைகிறது! அந்த 61 படிகளை விட்டுவிடக் கூடாது என்று தனியாக ஒரு சார்பையே சேர்த்த குழுவின் கறார்த்தன்மை மெச்சத்தக்கது. அதே தரநிலையின் பிற்சேர்க்கையில், சிக்கலெண்களின் வகுத்தலுக்குக் காட்டிய மாதிரி நிரலும் லாக்பியால் வகுஎண்ணின் அளவை அறிந்து, ஸ்கால்ப்என்னால் அதைச் சுருக்கி, வகுத்த பின் விடையை அதே அளவுக்குத் திருப்பி மாற்றுகிறது. பிரின்ஸ்டன் அறிக்கை மனிதரிடம் விட்ட வேலை இப்போது அப்படியே நிரலில் எழுதப்பட்டிருக்கிறது.

பதினாறு அடிமானம் செத்துப்போகவில்லை. 1998-இல் வந்த எஸ்/390 ஜி5 முதல் ஐபிஎம் பெருங்கணினிகள் ஐஇஇஇ எண்களையும் கணக்கிடுகின்றன. பழைய வடிவத்தையும் கைவிடவில்லை. அவற்றின் இயக்க முறைமையான இசட்/ஓஎஸ்ஸின் சி கம்பைலரில் எந்த வடிவம் வேண்டும் என்பதை நிரலாளர் தேர்ந்தெடுக்கலாம். மறுபக்கம், வங்கிக் கணக்குகளுக்கு 0.1-ஐப் பிசகில்லாமல் வைக்கும் தசம அடிமானம் 2008-இல் திருத்தப்பட்ட 754-இல் இடம்பெற்றது. ஐபிஎம்மின் பவர்6 செயலி 2007-லேயே அதை வன்பொருளில் செய்யத் தொடங்கியிருந்தது. சி23 என்று அழைக்கப்படும் புதிய தரநிலை தசம வகைகளையும் தனக்குள் சேர்த்துக்கொண்டது. அவற்றுக்குரிய எல்டிஎக்ஸ்ப் வடிவங்கள் 10-இன் அடுக்கால் பெருக்குகின்றன. யூனிக்ஸ் கையேட்டுக் காலத்திலிருந்து 2-ஐ விட்டு அசையாத பெயர் அது.

ஆகவே இன்று 3 என்ற எண்ணையும் 1 என்ற அடுக்கையும் ஸ்கால்ப்என் குடும்பத்திடம் கொடுத்தால், சாதாரண மடிக்கணினியின் டபுளில் 6 வரும். இசட்/ஓஎஸ்ஸில் பதினாறு அடிமானத்தைத் தேர்ந்தெடுத்தால் 48, தசம வகையில் 30. எல்டிஎக்ஸ்ப் குடும்பமோ முதல் இரண்டிலும் 6 என்றும் மூன்றாவதில் 30 என்றும் சொல்லும்.